ஜெனரேட்டர் ரிமோட் ஸ்டார்ட் மக்கர் செய்தால் எங்கே பார்ப்பது?

வீட்டில் அப்பாவுக்கு ஆக்சிஜன் மெஷின் வைத்திருக்கிறோம். 300, 400 வாட் வரை இழுக்கும். கரண்டு போனால் அம்மாதான் ஜெனரேட்டரை ஓட்டியாக வேண்டும். எனக்குப் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஷிப்ட் வேலை, வீடோ மறுகரையில், புக்கிட் மெர்தாஜாமில். பாலத்தைத் தாண்டி உடனே ஓடி வர முடியாது. எங்களுடையது சாவி போட்டு ஸ்டார்ட் செய்கிற பெட்ரோல் ஜெனரேட்டர்தான். ஆனாலும் விடியற்காலையில் சுமத்ரா காற்று அடித்து மழை கொட்டும்போது, 70 வயதைத் தாண்டியவர் டார்ச் லைட்டோடு ஈரத்தில் இறங்கிப் போய்ச் சோக்கை (என்ஜினுக்குப் போகும் காற்றைக் குறைக்கும் மூடி) இழுத்துச் சாவியைத் திருப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால் ரிமோட் ஸ்டார்ட்டை நானே கட்டினேன். அதன் பிறகு வந்த கோளாறுகளையும், ஒவ்வொன்றுக்கும் நான் எங்கே பார்த்தேன் என்பதையும் இங்கே எழுதுகிறேன். இதே மாதிரி கட்டி வைத்துவிட்டு முழிப்பவர்களுக்கு உதவும்.

என் வயரிங்கை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் பின்னால் சொல்வது புரியாது.

ரிமோட்டின் சிக்னலை வாங்கும் 12 வோல்ட் ரிசீவர் போர்டு இரண்டு. முதல் போர்டில் ஏ பட்டன் ‘ரன்’, பி பட்டன் ‘நிறுத்து’. ஏ-யை ஒரு தடவை அழுத்தினால் ரன் ரிலே (கரண்டால் இயங்கும் சுவிட்ச்) பிடித்துக்கொண்டே இருக்கும், பி-யை அழுத்தினால் விடும். இரண்டாவது போர்டில் சி பட்டன் ஸ்டார்ட்டருக்கு. விரல் பட்டனில் இருக்கும் வரைதான் அது வேலை செய்யும். சோக்கை இழுப்பது கார் கதவின் சென்ட்ரல் லாக் மோட்டார். சி அழுத்தினால் ஒரு டைமர் ரிலே வழியாக அது சோக்கைச் சில விநாடிகள் மூடி வைக்கும், அப்புறம் ஸ்பிரிங் திறந்துவிடும். என்ஜினின் இறக்கையில், அதாவது சூட்டை ஆற்றும் தகட்டில், ஒரு வெப்ப சுவிட்ச் ஒட்டியிருக்கிறேன். என்ஜின் சூடாக இருந்தால் அது சோக் மோட்டாருக்குக் கரண்டு விடாது.

இதில் முக்கியமானது ‘கில்’ வயர். இந்த மாதிரி சின்ன என்ஜின்களில் தீப்பொறி வருவது மேக்னெட்டோவிலிருந்து, அதாவது என்ஜின் சுற்றும்போது காந்தத்தால் தானே மின்சாரம் உண்டாக்கும் அமைப்பிலிருந்து. பேட்டரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இக்னிஷன் காயிலிலிருந்து வரும் கில் வயர் பாடியைத் தொட்டால் என்ஜின் நிற்கும், தொடாமல் விட்டால் ஓடும். நான் அதை ரன் ரிலேயின் சாதாரணமாக, அதாவது கரண்டு இல்லாதபோது, மூடியிருக்கும் காண்டாக்ட் வழியாகப் பாடியில் இணைத்திருக்கிறேன். ரிலேக்குக் கரண்டு இருந்தால்தான் என்ஜின் ஓடும். போர்டு செத்தாலும், ரிலேக்குக் கரண்டு கொண்டுபோகும் வயர் அறுந்தாலும், பேட்டரி கழன்றாலும் என்ஜின் நின்றுவிடும். எது கெட்டாலும் மெஷின் நிற்கிற பக்கமே கெட வேண்டும் என்று நினைத்துத்தான் இப்படிக் கட்டினேன். ஓடுகிற பக்கம் கெட்டால் தூங்குகிறவர்களுக்குப் புகையால் ஆபத்து. நின்று போகிற பக்கம் கெட்டால் சமாளிக்க அப்பாவின் கட்டிலருகே ஆக்சிஜன் சிலிண்டர் எப்போதும் நிற்கிறது. வீட்டில் கட்டிய ஒன்றை மட்டும் நம்பி ஓர் உயிரை வைக்கக் கூடாது.

பெட்டியின் வெளியே ‘கை / ரிமோட்’ என்று ஒரு சுவிட்ச். ‘கை’ பக்கம் திருப்பினால் ரிசீவருக்குக் கரண்டு போகாது, கில் வயரும் ரிலேயிலிருந்து பிரிந்து பழையபடி சாவிக்கே போய்விடும். மெஷின் மேல் கை வைக்கும் முன் இதைத் திருப்பி, சாவியையும் அணைத்து, ஸ்பார்க் பிளக் தொப்பியைக் கழற்றிவிட வேண்டும். நீங்கள் குனிந்து நட்டு முடுக்கும்போது உள்ளேயிருந்து யாராவது பட்டனை அழுத்திவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

எந்தக் கோளாறு வந்தாலும் முதல் சோதனை ஒன்றே. ‘கை’ பக்கம் திருப்பிச் சாவியால் ஸ்டார்ட் செய்யுங்கள். சாவிக்கும் வராவிட்டால் மெஷினில்தான் கோளாறு. சாவிக்கு வந்து ரிமோட்டுக்கு வராவிட்டால் நாம் சேர்த்த வயரில்தான் கோளாறு. இதைச் செய்யாமல் ரிசீவரைக் கழற்றுவது வீண் வேலை.

பட்டனை அழுத்தினால் ஒன்றுமே இல்லை

ரிமோட்டில் சின்ன விளக்கு எரிகிறதா? மங்கினால் ரிமோட் பேட்டரியை மாற்றுங்கள். ஆட்டோகேட் (மோட்டாரால் திறக்கும் வீட்டு கேட்) ரிமோட் மாதிரியானவற்றில் பெரும்பாலும் 27ஏ என்ற 12 வோல்ட் குட்டிப் பேட்டரிதான் இருக்கும். அடுத்தது பியூஸ். அதுவும் சரியென்றால் மூடியைத் திறந்து பாருங்கள்.

நான் திறந்தபோது போர்டின் அடியில் எறும்புக் கூடு. அரிசி நொய் மாதிரி வெள்ளை முட்டைகள், அவற்றைத் தூக்கிக்கொண்டு நாலாபக்கமும் ஓடும் சிற்றெறும்புகள். துடைத்துப் பார்த்தால் ரெகுலேட்டரின் ஒரு கால் பச்சை பூத்து, தொட்டதும் உதிர்ந்தது. நம்மூரில் ஆட்டோகேட் மோட்டார் பெட்டிகளில் நடப்பதுதான் இங்கேயும் நடந்திருக்கிறது. வயர் நுழையும் துளைகளைச் சிலிகானால் அடைத்தேன். ரெகுலேட்டரை மாற்றி, அந்த இடத்தைச் சுத்தம் செய்து, போர்டின் அடிப்பக்கம் வார்னிஷ் அடித்தேன். பெட்டியின் அடியில் மட்டும் தண்ணீர் வடிய ஒரு சின்னத் துளை, அதில் நைலான் வலை. முழுக்க அடைத்துவிட்டால் உள்ளே ஈரம் வியர்த்துக்கொள்ளும்.

‘டக்’ என்ற சத்தம் மட்டும்

ரிலே பிடிக்கிறது, ஸ்டார்ட்டர் சுற்றவில்லை. பலரும் உடனே பேட்டரியை மாற்றுகிறார்கள். அதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். 12.2-க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் செய்யுங்கள். அப்புறம் ஒருவர் பட்டனை அழுத்த, மற்றவர் இரண்டு இடத்தில் அளக்க வேண்டும்: பேட்டரி முனைகளில் ஒரு தடவை, ஸ்டார்ட்டர் மோட்டாரின் போல்ட்டுக்கும் அதன் பாடிக்கும் இடையே ஒரு தடவை. எனக்குப் பேட்டரியில் 10.4, ஸ்டார்ட்டரில் 8.1. நடுவில் 2.3 வோல்ட் எங்கேயோ தொலைகிறது. தேடிப் பார்த்தால் பாடி எர்த் போல்ட்டை நான் பெயின்ட் மேலேயே முடுக்கியிருந்தேன். உப்புத்தாளால் இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து முடுக்கியதும் சரியாகிவிட்டது.

ரிசீவர் போர்டில் இருக்கும் சின்ன ரிலேயை நேரடியாக ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கொடுத்திருந்தால் அது தவறு. அந்த ரிலே 10 ஆம்பியர்தான் தாங்கும். மோட்டார் பத்து மடங்குகூடக் கேட்கும். போர்டின் ரிலே ஸ்டார்ட்டர் சோலனாய்டின் (மோட்டாருக்குப் பெரிய கரண்டை விடும் பெரிய ரிலே) காயிலை மட்டும் இயக்க வேண்டும். அந்தக் காயிலின் குறுக்கே 1என்4007 டையோடு ஒன்றை, வெள்ளைக் கோடு பாசிட்டிவ் பக்கம் வருமாறு போட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு முறை பட்டனை விடும்போதும் காயில் உதறும் மின் அடி போர்டைச் சிறுகச் சிறுகக் கெடுக்கும்.

ஒரு தடவை இழுத்துவிட்டு நின்றுவிடுகிறது

என்னை அதிகம் அலைய வைத்தது இதுதான். அம்மா வேலையிடத்துக்குப் போன் செய்தார்: “தம்பி, ‘ர்ர்’னு ஒரு தடவை இழுக்குது, அப்படியே நின்னுடுது. திரும்ப அழுத்தினாலும் அதேதான்.” அன்று பக்கத்து வீட்டு அண்ணன் வந்து சாவியால் ஓட்டிக் கொடுத்தார். சாவிக்கு ஒரே இழுவையில் வந்ததாம்.

நான் ரிமோட்டைச் சந்தேகப்பட்டேன், மாற்றினேன். ரிசீவரையும் மாற்றினேன். எழுபது வெள்ளி போனதுதான் மிச்சம். ஒருநாள் இரவு வெளி விளக்கை அணைத்துவிட்டு, மூடியைத் திறந்து வைத்து, போர்டின் சிவப்பு எல்இடியையே பார்த்துக்கொண்டு சி பட்டனை அழுத்தினேன். ஸ்டார்ட்டர் இழுத்த அந்தக் கணத்தில் எல்இடி கண் சிமிட்டுவது போல் ஒருமுறை அணைந்து எரிந்தது. அதோடு ரன் ரிலேயும் ‘டிக்’ என்று விட்டது.

நடந்தது இதுதான். நின்றுகொண்டிருக்கும் ஸ்டார்ட்டரைச் சுற்றத் தொடங்கும் முதல் நொடித்துளியில் கரண்டு மிக அதிகமாகப் பாயும், பேட்டரி வோல்டேஜ் சட்டென்று குழியில் விழும். சாதாரண மல்டிமீட்டர் அவ்வளவு வேகமாகக் காட்டாது, அதனால் நமக்கு 10 வோல்ட் என்றே தெரியும். ஆனால் போர்டில் உள்ள சிப்புக்கு 5 வோல்ட் கொடுக்கும் ரெகுலேட்டர் ஒழுங்காக வேலை செய்யக் குறைந்தது 7 வோல்ட் வேண்டும். அதற்குக் கீழே போனால் சிப் ரீசெட் ஆகி, ஏ பட்டன் அழுத்தியிருந்ததை மறந்துவிடும். ரன் ரிலே விடும், கில் வயர் பாடியைத் தொடும், தீப்பொறி போய்விடும். ஸ்டார்ட்டர் போர்டும் ரீசெட் ஆவதால் அந்த இழுவையும் நின்றுவிடும். சாவியில் சிப் எதுவும் இல்லை, அதற்கு இந்தத் தொல்லையே கிடையாது.

சரிசெய்ய இரண்டு சாமான் போதும். ரிசீவர்களுக்குப் போகும் பாசிட்டிவ் வயரில் 1என்5819 டையோடு ஒன்று. அதற்குப் பின்னால் 4,700 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்று, பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் குறுக்கே. கெப்பாசிட்டரின் முனைகளை மாற்றிப் போட்டுவிடாதீர்கள், வெடிக்கும். வோல்டேஜ் விழும்போது டையோடு கெப்பாசிட்டரில் இருப்பதைப் பேட்டரி பக்கம் திரும்பிப் போகவிடாது. இரண்டு போர்டும் ரன் ரிலேயும் சேர்ந்து 100 மில்லி ஆம்பியர் இழுப்பதாக வைத்தால், 3 வோல்ட் குறைவதற்குள் 0.14 விநாடி தாக்குப் பிடிக்கும். அந்தக் குழியைத் தாண்ட அது போதும். ரன் ரிலேயையும் இந்தப் பக்கமே இணைக்க மறக்காதீர்கள். சோக் மோட்டாரை மட்டும் இதில் சேர்க்காதீர்கள், அது ஒரே மடக்கில் எல்லாவற்றையும் குடித்துவிடும்.

இதற்குப் பிறகும் எல்இடி சிமிட்டினால் பேட்டரி கிழடு தட்டிவிட்டது என்று அர்த்தம். இழுத்துக்கொண்டே இருக்கும்போதும் 9 வோல்ட்டுக்கு மேல் ஏறாத பேட்டரியை எந்தக் கெப்பாசிட்டரும் காப்பாற்றாது.

நன்றாகச் சுற்றுகிறது, பற்றவில்லை

ஐந்து விநாடிக்கு மேல் தொடர்ந்து இழுக்காதீர்கள். குறைந்தது பத்து விநாடி ஆறவிட்டு மறுபடி முயலுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் கருகுவது பெரும்பாலும் இந்தப் பொறுமையின்மையால்தான்.

சாவிக்கு உடனே பற்றிக்கொண்டால் பெரும்பாலும் கில் வயர் இன்னும் பாடியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ரன் ரிலே பிடித்திருக்கும்போது கில் வயருக்கும் பாடிக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்று, என்ஜின் நிற்கும்போது, காயில் பக்கத்து வயரைக் கழற்றிவிட்டு மீட்டரில் பாருங்கள். தொடர்பு இருந்தால் ரிலேயில் சாதாரணமாக மூடியிருக்கும் முனையும் திறந்திருக்கும் முனையும் மாறிப் போயிருக்கும், அல்லது வயர் எங்காவது உரசித் தோல் உரிந்திருக்கும்.

எச்சரிக்கை ஒன்று. கில் வயருக்கு ஒருபோதும் 12 வோல்ட் கொடுக்காதீர்கள். காரில் சாவி போட்டால் இக்னிஷனுக்கு 12 வோல்ட் போகும் என்ற பழக்கத்தில் நான் முதல் நாளே அப்படிக் கொடுத்து ஒரு காயிலைக் கொன்றேன். புதுக் காயில் வந்து சேரும் வரை வீட்டில் ஜெனரேட்டரே இல்லை. அந்த நாட்களில் வானம் இருட்டினாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். அந்த வயரில் என்ஜின் ஓடும்போது நூற்றுக்கணக்கான வோல்ட் துள்ளும், ஆகவே டிரான்சிஸ்டரையும் நேரடியாக இணைக்க வேண்டாம். தனியான ரிலே காண்டாக்ட்தான் சரி.

சாவிக்கும் பற்றவில்லை என்றால் எஞ்சின் ஆயிலைப் பாருங்கள். ஆயில் குறைந்தாலும், மெஷின் சாய்ந்து நின்றாலும் ஆயில் சென்சார் அதே கில் வயரைப் பாடியில் தொடவைத்துவிடும். அப்புறம் பெட்ரோல். மாதக்கணக்கில் கார்ப்பரேட்டரில் கிடந்த பெட்ரோல் பிசின் மாதிரியாகிச் சின்ன ஜெட்டை அடைத்துவிடும். கார்ப்பரேட்டர் கிண்ணத்தின் அடி போல்ட்டைத் தளர்த்திப் பழையதை வடித்துவிட்டுப் புது பெட்ரோல் விட்டுப் பாருங்கள். மெஷின் ஆறியிருக்கும்போது, பக்கத்தில் நெருப்பு எதுவும் இல்லாத இடத்தில்.

ரிமோட் வைத்திருப்பவர்கள் பெட்ரோல் குழாயை எப்போதும் திறந்தே வைக்க வேண்டியிருக்கிறது. கார்ப்பரேட்டருக்குள் பெட்ரோலை நிறுத்தும் மிதவை ஊசி சரியாக மூடாவிட்டால் பெட்ரோல் மெதுவாகக் கசிந்து ஆயிலோடு கலந்துவிடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறியிருந்து பெட்ரோல் வாடையும் வந்தால் ஓட்டவே கூடாது, ஆயிலை மாற்ற வேண்டும். நான் ரன் ரிலேயோடு சேர்ந்து திறக்கிற 12 வோல்ட் பெட்ரோல் வால்வு ஒன்று போட்டிருக்கிறேன்.

ஓடிவிட்டுச் சில விநாடியில் அணைகிறது

சோக் சீக்கிரம் திறக்கிறது அல்லது திறக்கவே இல்லை. புகை கறுப்பாக வந்தால் மூடியே இருக்கிறது, இருமி இருமி நின்றால் சீக்கிரம் திறந்துவிட்டது. டைமரைத் திருகிச் சரிசெய்யுங்கள். நம்மூர் வெயிலுக்கு நீண்ட நேரம் தேவையில்லை. பத்து, பதினைந்து நிமிடம் ஓடிய பிறகு நின்றால் பெட்ரோல் டாங்க் மூடியின் காற்றுத் துளையைப் பாருங்கள்.

என்ஜின் ஓடிய பிறகும் ஸ்டார்ட்டர் விடவில்லை

பேட்டரி கட்-ஆஃப் குமிழை உடனே திருகுங்கள். கட்-ஆஃப் இல்லாமல் இதைக் கட்டவே கட்டாதீர்கள். சோலனாய்டின் காண்டாக்ட் உருகி ஒட்டிக்கொண்டால் ரிமோட், சாவி எதற்கும் அது அடங்காது. என் வயரிங்கில் பேட்டரி போனதும் ரன் ரிலேயும் விட்டு என்ஜினும் நின்றுவிடும். ஒட்டிய சோலனாய்டைத் தட்டிச் சரிசெய்து மறுபடி போடாதீர்கள், புதிது வாங்குங்கள்.

சோலனாய்டு நன்றாக இருந்தும் விடவில்லை என்றால் அம்மா பட்டனை விடவில்லை என்று பொருள். மழைச் சத்தத்தில் என்ஜின் பற்றிக்கொண்டது காதில் விழாது. இதற்காக ஜெனரேட்டரின் அவுட்புட்டில் 240 வோல்ட் காயில் உள்ள ரிலே ஒன்றைச் சேர்த்தேன். மெஷின் கரண்டு கொடுக்கத் தொடங்கியதும் அது ஸ்டார்ட் வயரை அறுத்துவிடும். ஓடுகிற மெஷினில் மறுபடி சி அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது.

ஓடும்போது பி பட்டனுக்கு நிற்கவில்லை

நிற்கும்போது முற்றத்திலிருந்தே வேலை செய்யும் ரிமோட், ஓடும்போது பக்கத்தில் போனால்தான் கேட்கிறது என்றால் ஸ்பார்க் பிளக் எழுப்பும் ரேடியோ இரைச்சல்தான் காரணம். பிளக்கின் எண்ணில் ‘ஆர்’ இருக்கிறதா என்று பாருங்கள். பிபி6இஎஸ் சாதாரணமானது, பிபிஆர்6இஎஸ் ரெசிஸ்டர் உள்ளது. பிளக்கை மாற்றியதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதி ஆன்டெனாவில். ரிசீவரை இரும்புப் பெட்டிக்குள் வைத்து, ஆன்டெனா வயரைச் சுருட்டியும் வைத்திருந்தேன். 433 மெகாஹெர்ட்ஸுக்கு 17 சென்டிமீட்டர், 330-க்கு ஏறக்குறைய 22.7 சென்டிமீட்டர் நீளத்தில் வயரை நேராக, பெட்டிக்கு வெளியே, பிளக் வயரிலிருந்து தள்ளி நிறுத்துங்கள்.

யாரும் அழுத்தாமலே ஸ்டார்ட் ஆகிறது

இது ஒரு தடவை நடந்தாலும் சுவிட்சை ‘கை’ பக்கம் திருப்பிவிட்டு, காரணம் தெரியும் வரை ரிமோட்டைத் தொடாதீர்கள். நம் தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) வீட்டுக்கு வீடு ஆட்டோகேட், அதே 330 அல்லது 433 மெகாஹெர்ட்ஸ். மலிவான ரிசீவர்கள் மாறாத குறியீட்டில் வேலை செய்யும், பக்கத்து வீட்டு ரிமோட்டின் குறியீடு ஒத்துப்போக வழியுண்டு. ரிசீவரின் நினைவை முழுக்க அழித்துவிட்டு உங்கள் ரிமோட்டை மட்டும் கற்பியுங்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் குறியீடு மாறும் வகையை வாங்குவது இன்னும் நல்லது. நான் அதைத்தான் வாங்கினேன். அதோடு, ரன் ரிலே பிடித்திருந்தால்தான் ஸ்டார்ட் வயரில் கரண்டு வரும்படியும் செய்தேன். ஒரே ஒரு தவறான சிக்னலால் எதுவும் நடக்காது.

இனிச் சொல்வதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு வாடை கிடையாது, தூங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும். எங்களுடையது கார்னர் வீடு என்பதால் மெஷினை ஜன்னல்களிலிருந்து 7 மீட்டர் தள்ளி, சொந்தக் கூரைக்கடியில் நிறுத்த முடிந்தது. சமையலறை ஜன்னலிலிருந்து அம்மாவால் அதைப் பார்க்க முடியும், பார்த்துவிட்டுத்தான் அழுத்துவார். வரிசை வீட்டில் நடு வீடு என்றால், பின்கட்டிலோ கார் நிறுத்தும் இடத்திலோ வைத்து ரிமோட்டில் ஓட்டாதீர்கள். புகை உங்கள் வீட்டுக்குள்ளும் அடுத்த வீட்டுக்குள்ளும் போகும். அதேபோல் வீட்டு வயரிங்கில் ஜெனரேட்டரை இணைப்பதென்றால் பதிவுபெற்ற ஒயர்மேனைக் கொண்டு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் (தெருக் கரண்டு, ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டுக்கு விடும் சுவிட்ச்) போடுங்கள். இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரைச் சுவரில் சொருகினால் கரண்டு தெருக் கம்பத்துக்குத் திரும்பிப் போய், மழையில் அங்கே ஏறி வேலை செய்பவரின் உயிரை எடுத்துவிடும்.

ஒரு மாதம் சும்மா விட்டால் பேட்டரி இறங்கிவிடுகிறது

கோளாறு இல்லை, கணக்கு. ரிசீவர்கள் காத்திருக்கும்போதே 10 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 0.24 ஆம்பியர் மணி. 9 ஆம்பியர் மணி பேட்டரி 37 நாளில் காலி. அதற்கு வெகு முன்பே ஸ்டார்ட்டரை இழுக்கும் தெம்பு போய்விடும். 13.6 வோல்ட் அளவில் நிறுத்திக்கொள்ளும் சின்னச் சார்ஜர் ஒன்றை நிரந்தரமாக மாட்டிவிட்டேன். வாரம் ஒரு முறை, ஞாயிறு காலையில், அம்மா ஜன்னலருகே நின்று ஏ-யை அழுத்துவார், பிறகு சி-யை அழுத்திக்கொண்டு “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று எண்ணுவார். மூன்றுக்குள் வந்துவிட்டால் ஆக்சிஜன் மெஷினையும் அதில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து, பி-யை அழுத்துவார். ஐந்து எண்ணியும் வராவிட்டால் நாட்காட்டியில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டு வைப்பார். நான் வீட்டுக்கு வந்ததும் முதலில் பார்ப்பது அந்த நாட்காட்டியைத்தான்.